மலைத் தண்ணீருக்குப் படிகாரம் மட்டும் போதாது

இலங்கையின் மலையகத்தில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: காட்டிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் சுத்தமானது, சுத்திகரிப்பு என்பது கீழ்நாட்டுக்காரர்களின் தேவை. ஒருகாலத்தில் அதில் உண்மை இருந்தது. மேலே காட்டைப் பாதுகாத்து, ஓடையை மறித்து, தாங்கியில் சேர்த்துக் குழாயில் இறக்கிவிட்டால் போதும் என்றுதான் ஆங்கிலேயர் காலத்தில் இங்குள்ள பல நகரங்களுக்குத் தண்ணீர் வந்தது. கண்டியின் துனுமடலாவ காடு இன்றும் நிற்பதற்கு அதற்குள் இருக்கும் நீர்த்தேக்கங்களும் ஒரு காரணம்.

பிறகு ஊர் பெருத்தது. காட்டுக்குக் கீழே தேயிலை, சரிவில் மரக்கறித் தோட்டம், ஓடையோரத்தில் தோட்டத் தொழிலாளர் லயங்களும் மலசலகூடங்களும். கண்டி மகாவலியிலிருந்தே நீரெடுக்க வேண்டிய நிலைக்கு வந்தது. கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் உள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் அப்படி வந்தவைதான். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975இல் உருவானது. எனினும் மலையகத்தின் பல திட்டங்கள் இன்னமும் நகரசபை, தோட்ட நிர்வாகம், கிராமச் சங்கம் ஆகியவற்றின் கையில்தான் இருக்கின்றன. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர்களுக்கானது.

நிலையத்தில் நடப்பது சுருக்கமாக இதுதான்: படிகாரம் கலந்து கலங்கலைத் திரளச் செய்தல், தெளிய விடுதல், மணல் வடி, குளோரின். எல்லாப் பாடநூலிலும் இருக்கும். மலையகத்துக்கென்று உள்ள சிக்கல் முதல் படியிலேயே தொடங்குகிறது.

நம் பாறைகள் எளிதில் கரையாதவை. அதனால் ஓடை நீர் மிக மென்மையானது, காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் திறன், மிகக் குறைவு. படிகாரம் திரள்வதற்குக் காரத்தன்மை வேண்டும். 1 மில்லிகிராம் படிகாரம் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். லீற்றருக்கு 40 மில்லிகிராம் போட்டால் 20 போய்விடும். சில ஓடைகளில் இருப்பதே அவ்வளவுதான். அதற்குமேல் போடும் படிகாரம் பிஎச்சை (நீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண்; 7 நடுநிலை) 6க்கும் கீழே தள்ளும், திரளே உருவாகாது. தண்ணீர் தெளியவில்லையே என்று பணியாளர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். நிலைமை மேலும் கெடும். கரைந்த அலுமினியம் கண்ணுக்குத் தெரியாமல் வடியைத் தாண்டி, நகரத் தாங்கியில் சுண்ணாம்பு சேர்ந்ததும் வெள்ளைப் படிவாக இறங்கும்.

மருந்து எளிது. படிகாரத்துக்கு முன்னால், வேறோர் இடத்தில், நீற்றிய சுண்ணாம்பைக் கலக்க வேண்டும். 40 மில்லிகிராம் படிகாரத்துக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம். இரண்டையும் ஒரே இடத்தில் ஊற்றினால் இரண்டும் வீண்.

அளவை ஊகிக்க வேண்டாம், சாடிச் சோதனை செய்யுங்கள். 10 கிராம் படிகாரத்தை 1 லீற்றர் நீரில் கரைத்தால், அதில் 1 மில்லிலீற்றர் ஒரு லீற்றர் சாடிக்கு 10 மில்லிகிராம் ஆகும். ஆறு சாடிகளில் வெவ்வேறு அளவுகளைப் போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் 15 நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணிநேரம் தெளிய விட்டு, பிஎச்சும் கலங்கலும் பாருங்கள். மழை மாறும்போது சோதனையும் மீண்டும். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை, பதுளை பக்கம் டிசெம்பர் முதல், ஒக்டோபர் நவம்பரில் எங்கும் இடிமழை.

இதைவிட மலிவான சிகிச்சை ஒன்று உண்டு: பெருமழையின் முதல் வெள்ளம் வரும்போது நீரெடுக்கும் கதவையே மூடிவிடுவது. ஓடை பெரும்பாலும் சில மணிநேரத்தில் தணிந்துவிடும். அதுவரை தாங்கியில் இருப்பு வேண்டும். அந்த இருப்பு இல்லாத நிலையம்தான் சேற்றையும் விழுங்குகிறது.

வடியில் கவனிக்க வேண்டியது கழுவுதல். கீழிருந்து மேலாகச் செலுத்தும் நீர் பலவீனமாக இருந்தால் மணலுக்குள் சேற்று உருண்டைகள் கட்டி, படுக்கை வெடிக்கும். நீர் வெடிப்பு வழியே வடிபடாமல் இறங்கும். கழுவிய உடனே வரும் நீரைக் கால் மணிநேரமாவது வெளியே விடுங்கள். கழிவை ஓடையில் விடாதீர்கள், கீழே இன்னொரு தோட்டத்தின் பீலி இருக்கும்.

தோட்டத் தாங்கிகளில் குளோரின் பெயருக்குத்தான் போடப்படுகிறது. புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 30 சதவீதம் குளோரின் இருக்கும். திறந்த வாளியில், இந்தப் பனியில், அது வேகமாகப் பறந்துவிடும். 10,000 லீற்றர் தாங்கிக்கு, லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வீதம், 67 கிராம் தூள் தேவை. வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். 30 நிமிடத்துக்குப் பின் சோதனைக் குழாயில் நீரெடுத்து, குளோரினைக் காட்டும் டிபிடி மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வர வேண்டும்: தாங்கியில் லீற்றருக்கு 0.5, கடைசி வீட்டில் 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். கலங்கிய நீரில் எவ்வளவு போட்டாலும் சேறே அதைத் தின்றுவிடும். பிஎச் 8ஐத் தாண்டினாலும் குளோரின் சோர்ந்துவிடும். சுண்ணாம்பை அள்ளிப் போடுபவர்கள் இதை மறக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: தண்ணீர் நின்று மீண்டும் வரும்போது, வெற்றுக்குழாய் வெளியிலிருந்து அழுக்கை உறிஞ்சியிருக்கலாம், முதல் வாளியைத் தோட்டத்துக்கு விடுங்கள். 2007இல் கம்பளையில் பரவிய ஹெபடைடிஸ் ஏ தொற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் கொதிக்க வைக்கச் சோம்பமாட்டார்கள். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். கிருமி சாக அது போதும், ஆனால் நன்றாகக் கொப்பளித்தபின் இன்னும் ஓரிரு நிமிடம் விடுங்கள். கொதித்தால் சேறு போகாது. ஆகவே முதலில் தெளிய வைத்து, நெருக்கமான துணியில் வடித்து, அதற்குப் பின் அடுப்பில் ஏற்றுங்கள்.