பழைய வீட்டின் விற்பனையும் நில அளவைப் பதிவேடுகளும்

தமிழ்நாட்டில் பழைய வீட்டை விற்க முனைவோர் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது ஆகியவற்றை எடுத்துவைத்ததும் ஆயத்தம் முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். ஆனால் முன்பணம் கைமாறிய பிறகு விற்பனை தடைபட்டு நிற்பதற்குப் பல நேரங்களில் காரணம், பத்திரம் சொல்லும் அளவும் அரசின் நில அளவைப் பதிவேடு சொல்லும் அளவும் ஒத்துப்போகாததே.

இந்த வேறுபாடு யாரும் செய்த சூழ்ச்சியால் வருவதன்று. பழைய பத்திரங்களில் நான்கெல்லையைச் சொல்லி, "இந்தச் சக்குபந்திக்குள்" (நான்கெல்லைக்குள்) கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று எழுதுவது வழக்கம். அந்த அடிக்கணக்கு பெரும்பாலும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கணக்கு மட்டுமே. கிராம நத்தத்தில், அதாவது ஊரில் குடியிருப்புக்குரிய நிலத்தில், முழுக் குடியிருப்பும் ஒரே சர்வே எண்ணில் அடங்கியிருந்ததால், தனித்தனி வீட்டுக்கு அரசு அளவு என்று ஒன்று நெடுங்காலம் இருக்கவில்லை. பின்னர் நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் வீட்டுக்கு வீடு அளந்து, உட்பிரிவு எண் கொடுத்துப் பட்டா வழங்கினார்கள். நகரங்களில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வேறொரு வரிசை ஏற்பட்டது. ஆகவே ஒரே வீட்டுக்குப் பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பதிவேட்டில் புதிய எண்ணும் இருப்பது இயல்பு. இரண்டும் ஒரே இடம்தான் என்பதற்கான ஆதாரத்தைக் காட்டும் பொறுப்பு விற்பவருடையது.

எடுத்துக்காட்டாக, பத்திரத்தில் கிழமேல் 30 அடி, தென்வடல் 80 அடி, ஆக 2,400 சதுர அடி என்று இருப்பதாகக் கொள்வோம். அளவை வரைபடத்தில் அதே மனை தெருப்பக்கம் 9 மீட்டர், பின்பக்கம் 8.2 மீட்டர், நீளம் 24.4 மீட்டர் என்று பதிவாகியிருந்தால் பரப்பு சுமார் 2,259 சதுர அடிதான் வரும். மீதி 141 சதுர அடி பக்கத்து வீட்டாரின் பட்டாவில் சேர்ந்திருக்கலாம், தெருவோடு போன திண்ணையாக இருக்கலாம், அல்லது ஒருபோதும் இல்லாத நிலமாகவும் இருக்கலாம். பத்திரத்தில் எல்லைக்கும் அளவுக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லைக்கே முதலிடம் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் நெறி. ஆயினும் வீட்டுக்கடன் தரும் வங்கி வழக்கின் முடிவுக்காகக் காத்திராது; இரண்டில் குறைந்த அளவை வைத்தே மதிப்பிடும், வாங்குபவரும் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

இதைவிடக் கடுமையானது, தலைமுறைகளாகக் குடியிருக்கும் நத்தம் மனை நகர நில அளவைப் பதிவேட்டில் "சர்க்கார் புறம்போக்கு" என்று பதிவாகியிருப்பது. கிராம நத்தம் குடியிருப்புக்குரிய நிலம், அது அரசின் உடைமை ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. எனினும் பதிவேட்டில் அந்தச் சொல் இருக்கும்வரை வாங்க வருபவர் தயங்கத்தான் செய்வார். நேர்மையாக வரி கட்டி வாழ்ந்த குடும்பம் இப்படித் தவிப்பது நியாயமன்று. ஆனால் மனுக் கொடுக்காமல் அந்தப் பதிவு தானாக மாறிவிடாது.

எனவே விலை பேசுவதற்கு முன்பே பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்), நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் எடுத்து, பத்திரத்தின் சொத்து விவரத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். வேறுபாடு தெரிந்தால் கட்டணம் செலுத்தி, அரசு நில அளவரைக் கொண்டு, அண்டை வீட்டார் முன்னிலையில் அளந்து எல்லை காட்டக் கோரலாம். பொதுச்சுவர், சந்து, கூரைத் தண்ணீர் விழும் இடம் ஆகியவற்றை அப்போதே அண்டை வீட்டாரோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பட்டாவில் பெயரோ பதிவோ தவறாக இருந்தால் வட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். அவர் ஆணையின் மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அளவை அலுவலர் எல்லைத் தகராறில் முடிவு கூறினால் 3 மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அளவை முடிந்ததாக அறிவிக்கை வெளியான 3 ஆண்டுகளுக்குள் உரிமையியல் வழக்கும் தொடரலாம். பட்டா உரிமையை நிலைநாட்டும் மூல ஆவணம் அன்று என்பதால், உரிமையே தகராறில் இருந்தால் இறுதியாக நீதிமன்றம்தான் தீர்மானிக்க முடியும்.

அளவுக் குறை தெரிந்தும் மறைத்து விற்பது ஆபத்தானது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55, விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சதுர அடிக் கணக்கில் விலையா, இருக்கிறபடி மொத்த மனைக்கு விலையா என்பதைக் கிரைய உடன்படிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். மனையின் ஒரு பகுதியை மட்டும் விற்பதானால், நில அளவர் நேரில் அளந்து உட்பிரிவு செய்த பிறகே வாங்குபவர் பெயரில் தனிப் பட்டா கிடைக்கும் என்பதால், அதற்கான மனுவை யார் கொடுப்பது, செலவை யார் ஏற்பது என்பதும் அதே உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும்.