ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பூச்சி மாத்திரை

ஒரு சிறுமியின் படத்தைக் காட்டி, "மாதம் இவ்வளவு கொடுங்கள், இவள் படிப்பாள்" என்று கேட்டால் மனம் இளகத்தான் செய்யும். ஆனால் அப்படி வசூலாகும் பணத்தில் பெரும்பகுதியைப் பல தொண்டு நிறுவனங்கள் அவள் கையில் கொடுப்பதில்லை, ஊருக்குப் பொதுவான வேலைக்குத்தான் செலவழிக்கின்றன. ஏமாற்று வேலை என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. கென்யாவின் மேற்கு எல்லையில் உள்ள புசியா வட்டாரத்தின் கதையைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

1990களில் அங்கே ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல் கொடுத்தது. பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் உடன் வேலை செய்தவர்களும் தேர்வு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். முன்பே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் பலன். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வீட்டு மொழி, அடுத்து நாட்டின் பொதுமொழியான சுவாகிலி, அதற்கப்புறம்தான் ஆங்கிலம். மற்றவர்களால் அதைப் படிக்கவே முடியவில்லை.

அடுத்தது பூச்சி மாத்திரை. 75 பள்ளிகள், ஏறத்தாழ 30,000 பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே ஆண்டில் கொடுக்க முடியாது. சரி, பள்ளிப் பெயர்களை அகரவரிசையில் எழுதி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவின் 25 பள்ளிகளுக்கு 1998இல், இரண்டாம் குழுவின் 25க்கு 1999இல், மூன்றாம் குழுவுக்கு 2001இல். முறை வராமல் காத்திருந்த பள்ளிகளோடு ஒப்பிட்டபோது, மாத்திரை போன பள்ளிகளில் வராத பிள்ளைகளின் அளவு சுமார் கால்பங்கு குறைந்திருந்தது. அதே பள்ளியில் மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளும் கூடுதலாக வகுப்புக்கு வந்ததுதான் வேடிக்கை.

காரணம் மண்ணில் இருக்கிறது. கொக்கிப்புழுவோ உருண்டைப்புழுவோ குடலுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகுவதில்லை. முட்டைகள் மலத்தோடு வெளியேறி, மண்ணில் முதிர்ந்த பிறகே அடுத்த ஆளைப் பிடிக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலைத் துளைத்து ஏறும். உருண்டைப்புழுவின் முட்டை அழுக்குக் கையோடு வாய்க்குப் போகும். பலருக்கு மருந்து கொடுத்தால் மண்ணில் விழும் முட்டை குறையும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தப்பும். படத்தில் இருக்கும் சிறுமிக்கு மட்டும் கொடுத்தாலோ, சில மாதத்தில் அதே மண்ணிலிருந்து அவளுக்குத் திரும்பத் தொற்றிவிடும்.

பள்ளிக்கு வருவது கூடியதே தவிர, தேர்வு மதிப்பெண் ஏறவில்லை. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்துக் கணக்குப் போட்டபோது சில பிழைகள் அகப்பட்டன. தூரத்துப் பள்ளிகளுக்கும் பலன் எட்டியது என்ற பகுதி ஆட்டம் கண்டது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இந்தியாவில் 2015இல் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியது. யார் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று யாரும் சோதிப்பதில்லை. சோதனைச் செலவு மாத்திரையின் விலையைவிட அதிகம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை, ஆசிரியர் கண்ணெதிரே மென்று விழுங்க வேண்டும்.