எம்.பி.யைப் பார்க்கப் போவதற்கு முதல்

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக வேலை செய்கிற எவரிடமும் காணி வழக்கு, தாபரிப்பு வழக்கு என்று வருகிறவர்களைத் தவிர இன்னொரு வகை ஆட்களும் வருவார்கள். கையில் ஒரு பைல் இருக்கும், உள்ளே கடிதங்களின் போட்டோக் கொப்பிகள். "எல்லாரிட்டயும் சொல்லியாச்சு, ஒண்டும் நடக்கேல்லை" என்பதுதான் முதல் வசனம். எல்லாரும் என்றால் எம்.பி., பிரதேச சபைத் தவிசாளர், டி.எஸ். (பிரதேச செயலாளர்), கச்சேரியில் ஜி.ஏ. (அரசாங்க அதிபர்), சில வேளை ஆளுநர் செயலகம் வரைக்கும். சரி, என்ன கேட்டனீங்கள் என்று கேட்டால் குறையைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்வார்கள். அவை என்ன சொன்னவை என்று கேட்டால், "செய்து தாறம் எண்டவை." எப்போது, எந்தத் திணைக்களத்தால், எந்தக் காசில் என்று ஒரு விபரமும் இருக்காது.

தலைவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, அந்த வேலைக்கு இங்கே ஆள் தாராளம். எங்கள் பக்கத்தில் திருத்தக் கூடியது ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன். குறையை மட்டும் கொண்டு போகிறவருக்கு ஆறுதல் கிடைக்கும், தேத்தண்ணி கிடைக்கும், படம் எடுப்பார்கள், பின்னேரமே "மக்களின் குறைகளைக் கேட்டறிந்தார்" என்று அது முகநூலில் வரும். அந்த ஆளின் அதிகாரத்துக்குள் இருக்கிற ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் தரச் சொல்கிறவரை அவ்வளவு லேசில் அனுப்பிவிட முடியாது.

முதல் வேலை, இது யாருடைய விசயம் என்று பார்ப்பது. வீதியையே எடுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், அதாவது கொழும்பிடம். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம். மிச்ச ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையிடமோ நகர சபையிடமோ இருக்கும், வயல் பக்கத்துப் பாதை என்றால் கமநல சேவையும் இடையில் வரும். வைத்தியசாலையும் அப்படித்தான். யாழ். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ், உங்கள் ஊர்ப் பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். ஒரே ஊரில் தேசிய பாடசாலைக்கு ஒரு அமைச்சு, பக்கத்து மதிலோடு இருக்கிற மாகாணப் பாடசாலைக்கு வேறொன்று. இது தெரியாமல் தவிசாளரிடம் போய் ஏ9 வீதியைப் பற்றிக் கேட்டால் அவர் மனம் நோகாமல் "எழுதி அனுப்புறம்" என்பார், நீங்களும் நம்பிக்கையோடு வீட்டுக்கு வருவீர்கள்.

இதில் எங்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. வட மாகாண சபைக்கு ஒரேயொரு தேர்தல்தான் நடந்தது, 2013 செப்டெம்பர் 21. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து மாகாணத்துக்குரிய எல்லாவற்றையும் ஆளுநரும் அதிகாரிகளும்தான் பார்க்கிறார்கள். பாடசாலை, பிரதேச வைத்தியசாலை, சி தர வீதி எல்லாம் அதற்குள் வருபவை, ஆனால் "நான் உனக்கு வோட்டுப் போட்டனான், பதில் சொல்லு" என்று கேட்க அங்கே ஆளில்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் செயலாளர்களின் கையில்தான் இருந்தன. அந்த இரண்டு வருசத்தில் சனத்துக்குச் சபைக்குப் போகிற பழக்கமே விட்டுப்போய், குப்பை அள்ளுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் எம்.பி.யிடம் ஓடுகிற பழக்கம் வந்துவிட்டது. இப்போது சபைகள் திரும்ப வந்துவிட்டன, எங்கள் கால்கள் இன்னும் எம்.பி. வீட்டுப் பக்கமே போகின்றன.

எம்.பி.யால் என்ன முடியும்? "ஒரு போன் எடுத்தால் போதும்" என்று எல்லோரும் சொல்வார்கள். போன் எடுப்பார்தான். ஆனால் அதற்கு ஒரு பதிவும் இல்லை, அடுத்த மாதம் அந்த அதிகாரி இடமாற்றமாகிப் போனால் விசயமும் அவரோடு போய்விடும். பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும், அது ஹன்சாட்டில், அதாவது பாராளுமன்றப் பதிவில் ஏறும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எடுத்தால் கூட்டக் குறிப்பில் வரும், அடுத்த கூட்டத்தில் "போனமுறை இதைச் சொன்னீர்கள்" என்று கேட்கலாம். அரச நிர்வாகத்தால் அநியாயம் நடந்திருந்தால் பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் குழுவுக்கு மனுப் போடலாம், அதை ஒரு எம்.பி. மூலமாகத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே போகும்போது "இதைக் கொஞ்சம் பாருங்கோ சேர்" என்று சொல்லாமல், "இந்தக் கேள்வியைப் பாராளுமன்றத்தில் கேட்பீங்களா, எந்த மாதம்?" என்று கேளுங்கள். கேள்வியை நீங்களே எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. எம்.பி.மாருக்கும் அது சுகம், உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆள் குறைவு.

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "எங்கட நிலம்" என்று தொடங்கினால் எந்தத் தலைவரும் அரை மணித்தியாலம் உருக்கமாகப் பேசுவார். 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருகிறவர்கள் 3 மாதத்துக்குள் வர வேண்டும், வராவிட்டால் அரச காணியாகலாம் என்பது அதன் சாரம். 1995 இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்தவர்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள், உரித்தாளர் செத்து இறுதிச் சடங்கு முடிந்தும் பெயர் மாற்றாத குடும்பங்கள் எல்லாம் 3 மாதத்தில் எங்கே போவது? அந்த முறை அரசு பின்வாங்கியது. எதிர்த்தவர்களின் கையில் திகதி இருந்தது, ஏக்கர் கணக்கு இருந்தது, காலக்கெடு இருந்தது, கடைசியில் உயர் நீதிமன்றத்தில் ஒரு மனுவும் இருந்தது. அமைச்சரிடம் கேட்பதற்கு "இந்த வர்த்தமானியை மீளப் பெறுவீர்களா, இல்லையா" என்ற ஒற்றைக் கேள்விதான். அதற்கு ஓம் அல்லது இல்லை என்றுதான் சொல்லலாம், உருக்கமாகப் பேசி முடித்துவிட முடியாது.

சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியிருக்கிற கிணறுகளும் அப்படித்தான். தண்ணீரில் எண்ணெய் மிதந்தபோது சனம் போத்தலில் தண்ணீரை அள்ளிக்கொண்டு தலைவர்களிடம் போனது. மாகாண சபை ஒரு நிபுணர் குழுவைப் போட்டது, அதன் முடிவும் மற்றப் பரிசோதனைகளின் முடிவும் ஒத்துப்போகவில்லை, எந்த மேடையில் யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்துத் தண்ணீர் நல்லதாகவும் கெட்டதாகவும் இருந்தது. தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர் 2015 இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக மின் நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று. எங்கள் கிணற்றுக்கு வழக்குப் போட அங்கிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதை இங்கே நாங்கள் பெரிதாகக் கதைப்பதில்லை.

இனி, யார் போகிறார்கள் என்ற விசயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நியாயம் கேட்கப் போகிற கூட்டத்துக்குள்ளேயே நியாயம் இல்லாமல் இருக்கிறதை அடிக்கடி பார்க்கிறேன்.

வலிகாமத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். பிரதான வீதியிலிருந்து உள்ளே போகிற தார் கோயிலின் பின்வீதியோடு நிற்கிறது. அதற்கு அங்கால் ஒரு குடியிருப்பு, மாரியில் ஒழுங்கை முழுக்க வெள்ளம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்து கோயிலடிக் குழாயில் கால் கழுவிப் போடுவார்கள். தார் ஏன் சரியாக அந்த இடத்தில் நின்றது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டு ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எம்.பி.யிடம் போன குழுவில் ஓய்வுபெற்ற அதிபர், கோயில் தலைவர், சனசமூக நிலையச் செயலாளர். பின் வரிசைப் பிளாஸ்ரிக் கதிரையில் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறவர். அதிபர் ஊரின் கல்விப் பாரம்பரியத்திலிருந்து தொடங்கினார். கோயிலின் வரலாறு வந்தது, வாசிகசாலைக் கட்டடம் வந்தது, மைதானத்துக்கு லைற் வந்தது. ஒழுங்கை ஒரு வசனத்தில் வந்து போனது. எம்.பி. தலையாட்டிக்கொண்டே இருந்தார், படமும் எடுத்தாயிற்று.

எழும்புகிற நேரம் அந்தப் பெண் கேட்டார்: "சேர், எங்கட ஒழுங்கை இந்த லிஸ்டில இருக்கு. காசும் ஒதுக்கியிருக்கு. தார் கோயிலடியோட நிண்டிட்டுது. மிச்சக் காசு எங்க போனது?"

"பிள்ளை, அதைப் பிறகு கதைப்பம்" என்றார் அதிபர்.

எம்.பி. அதற்குள் கையை நீட்டிவிட்டார். அந்தப் பெண்ணின் கையில் இருந்தது பிரதேச சபை அங்கீகரித்த வேலைகளின் பட்டியல், ஒழுங்கையின் பெயருக்குக் கீழே நீலப் பேனாவால் கோடு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கையால் எழுதிக் கொடுத்து வாங்கியது. அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அது எடுக்கப்பட்டது, மிச்சக் காசை வேறொரு வீதிக்கு மாற்றச் சபையில் முடிவெடுத்ததாக எழுத்தில் பதிலும் வந்தது. ஒழுங்கைக்கு இப்போது கிறவல் போட்டு ஒரு மதகும் கட்டியிருக்கிறார்கள், தார் இன்னும் வரவில்லை. ஆனால் எந்தக் கூட்டத்தில் மாற்றினார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், தன் வட்டார உறுப்பினரை அவர் அந்தத் திகதியைச் சொல்லித்தான் கேட்கிறார்.

சாதியின் பேரில் ஒருவரைப் பொது இடத்தில் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இந்த நாட்டில் 1957 இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போகவேண்டி வந்தது, 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டி வந்தது. இன்றைக்கு யாரும் வாசலை மறிப்பதில்லை, குழுவுக்குப் பெயர் கொடுக்கும்போது ஒருவரை விட்டுவிடுகிறார்கள். உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து 2018 தேர்தலில் நடைமுறைக்கும் வந்தது. ஊர்க் குழுக்களுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, நாங்களாகத்தான் செய்ய வேண்டும். வெள்ளம் யாருடைய முற்றத்தில் நிற்கிறதோ அவர் முதலில் பேச வேண்டும், அதிபர் ஐயா தேவையென்றால் பிறகு சேர்த்துச் சொல்லட்டும். தலைவர்களும் இதைக் கவனிக்கலாம், முன் வரிசையோடு மட்டும் கதைத்து அனுப்பினால் ஊரின் பாதிக் கதைதான் கிடைக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதை இன்னும் பத்திரிகைக்காரருக்கான சட்டம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. எந்தப் பிரசையும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் 3 கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும், அதுவும் சரிவரவில்லை என்றால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேட்கும்போது "ஏன் செய்யவில்லை" என்று எழுதாதீர்கள், "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இன்ன கூட்டத்தின் அறிக்கைப் பிரதி, இன்ன வேலையின் மதிப்பீட்டுப் பிரதி, கொந்தராத்துக்காரருக்குக் கொடுத்த கொடுப்பனவு வவுச்சர் என்று ஆவணத்தைக் கேளுங்கள். எல்லாம் தமிழிலேயே எழுதலாம், தமிழ் 1987 இன் 13 ஆம் திருத்தத்திலிருந்து அரச கரும மொழி, உங்கள் கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்தால் தமிழில் தாருங்கள் என்று திருப்பி அனுப்புவது உங்கள் உரிமை.

சந்திப்பு முடிந்ததும் அன்றைக்கோ மறுநாளோ ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். "இன்று உங்களைச் சந்தித்தோம், இதைக் கேட்டோம், நீங்கள் இந்தத் திகதிக்குள் இதைச் செய்வதாகச் சொன்னீர்கள்." அவ்வளவுதான், புகழ்ச்சி வேண்டாம். பதிவுத் தபாலில் போடுங்கள், கையில் கொடுப்பதென்றால் உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை என்றால் மறுத்து எழுதட்டும், அதுவும் ஒரு பதில்தானே.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சனம் உண்மையாகவே இழக்கிறது. அரச நிர்வாகத்தால் உங்கள் அடிப்படை உரிமை மீறப்பட்டால், நியமனத்தில் பாகுபாடு, பொலிஸ் அடித்தது, காணிக்குள் போக விடாதது எதுவாக இருந்தாலும், உயர் நீதிமன்றத்துக்குப் போக 1 மாதம்தான் இருக்கிறது. அந்த 1 மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலத்தைச் சட்டம் கணக்கில் சேர்க்காது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது, முறையிடக் காசு தேவையில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் "எம்.பி. கதைக்கிறன் எண்டவர்" என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவர் கதைப்பார், பொறுப்பதிகாரியும் ஓம் என்பார், நாட்கள் ஓடிவிடும். பிறகு என்னிடம் வந்தால் பைலைப் பார்த்துவிட்டு முதலில் திகதியைத்தான் கேட்பேன், பல பேர் அந்த இடத்திலேயே பேசாமல் இருந்துவிடுவார்கள். தலைவரைச் சந்தியுங்கள், தாராளமாகச் சந்தியுங்கள், முறைப்பாட்டை அதற்கு முதல் போட்டுவிட்டுப் போங்கள்.

பிரதேச சபைக்குக் கேட்க வேண்டியது ஏதும் இருந்தால் காலத்தையும் பாருங்கள். அடுத்த வருசத்துக்கான வரவு செலவுத் திட்டம் வருசக் கடைசியில்தான் சபைக்கு வரும், தயாரிப்பு வேலை அதற்கு முன்னரே தொடங்கிவிடும். ஆகஸ்ட், செப்டெம்பரில் தவிசாளரையும் உங்கள் வட்டார உறுப்பினரையும் போய்ப் பாருங்கள், சபையின் குழுக்களில் ஊரவர்களையும் சேர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, அதையும் கேளுங்கள். தைப்பொங்கல் முடிந்து போனால் அந்த வருசக் காசு ஏற்கெனவே பங்கிட்டாகியிருக்கும்.