சலப்பையின்ர அந்தரமும் மனசின்ர அந்தரமும்

எங்கட சின்னம்மா நல்லூர்த் தேருக்குப் போறத நிப்பாட்டி மூண்டு வருசம். கால் நோகுதெண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறவ, ஆனா உண்மை என்னெண்டா அந்தச் சனத்துக்க சலம் முட்டினா எங்க ஓடுறது எண்ட பயம். கலியாண வீட்டுக்கு வந்தாலும் முதல் கேள்வி "பிள்ளை, பாத்றூம் எந்தப் பக்கம்?" எண்டுதான், அதுக்கும் காலமை தொடக்கம் ஒரு மிடறு தண்ணி குடிச்சிருக்க மாட்டா.

சலப்பை நிரம்ப நிரம்ப அதின்ர சுவரில இருக்கிற நரம்புகள் முள்ளந்தண்டு வழியா மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 150, 200 மில்லிலீற்றர் வரேக்கயே லேசாத் தெரியும், 400, 500 மட்டும் பிடிச்சு வைக்கலாம். "விடு" எண்டு சொல்லுறது மூளைத்தண்டில ஒரு சின்ன இடம், "பொறு" எண்டு அத அடக்கிறது நெத்திப்பக்கத்து மூளை. பயத்தையும் கவலையையும் அடக்கிறதிலயும் அதே நெத்திப்பக்கத்துக்குப் பங்கிருக்கு. மனம் பதறேக்க அந்தப் பிடி தளரலாம். நாங்க ரெண்டுக்குமே "அந்தரம்" எண்டு ஒரே சொல்லத்தானே சொல்லுறம்.

வெளியில போட்டு வந்து படலைப் பூட்டில திறப்பப் போட்ட உடன, அதுவரைக்கும் பேசாமல் இருந்த சலம் முட்டிக்கொண்டு வருதே, கவனிச்சிருக்கிறீங்களோ? வீடு வந்தா போகலாம் எண்டு மூளை பழகிப்போச்சு. பஸ்ஸில ஏறினாலே அந்தரம் எண்டு பயந்து பழகினா, பஸ்ஸும் அதே வேலையைச் செய்யும்.

சலப்பைக்கும் மனசுக்கும் நடுவில இருக்கிறது ரெண்டு பக்கமும் ஓடுற பாதை. இரவில மூண்டுதரம் எழும்பினா நித்திரை முறியும், நித்திரை இல்லாட்டி மனம் சோரும், ஈரமாப் போயிடுமோ எண்ட வெக்கத்தில வெளிக்கிடுறத விட்டா தனிமை. சலம் கசியிற பொம்பிளையளில மனச்சோர்வு கூட எண்டு எத்தினையோ நாட்டில கண்டிருக்கினம், மனச்சோர்வு உள்ளவைக்குப் பிறகு சலப்பிரச்சினை வாறதும் கூடவாம். மனச்சோர்வுக்குக் குடுக்கிற டுலொக்ஸெடின் எண்ட மருந்த ஐரோப்பாவில இருமினா, தும்மினா சலம் கசியிறவைக்கும் குடுக்கினம், ஏனெண்டா செரடோனினும் நோர்அட்ரீனலினும் மனநிலையிலயும் சலத்த மறிக்கிற நரம்புகளிலயும் வேலை செய்யிற இரசாயனங்கள்.

தண்ணியக் குறைக்கிறது பிழையான வைத்தியம். சலம் இறுகி சலப்பைய இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்து அமத்தும். குறைக்கிறதெண்டா பிளேன்ரீயக் குறையுங்கோ. சலப்பைக்குக் கீழ இருந்து தாங்கிற இடுப்புத்தளத் தசைய, சலத்த மறிக்கிற மாதிரி உள்ளுக்கு இறுக்கி விடுற பயிற்சியை 1948லயே கெகல் எண்ட அமெரிக்க டொக்டர் எழுதிட்டார். ஒருக்கா எட்டுத்தரம், நாளுக்கு மூண்டு வேளை, குறைஞ்சது மூண்டு மாசம். அவசரம் வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாப் பிந்திப் போய்ப் பழக்கலாம். சலக்கடுப்பு, சலத்தில ரத்தம், காய்ச்சல் இருந்தா உடன டொக்டரிட்டப் போகவேணும், சீனி வருத்தமோ எண்டும் பாக்கவேணும்.

35 வயசு தாண்டின பொம்பிளையள், இலங்கையில அவைக்கெண்டு நடத்துற சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகேக்க இதையும் கேக்கலாம், ஆனா சலத்தச் சொல்லிப்போட்டு நித்திரையில்லாததையும் அழுகையையும் மறைக்கவேண்டாம்.

சின்னம்மா பயிற்சி தொடங்கி ஆறாவது கிழமை. போன ஞாயிறு பருத்தித்துறை பஸ்ஸில ஏறினவ, இறங்கினாப்பிறகுதான் பாத்றூம் எங்கயெண்டு கேட்டவ.