முதலை உயிரோடுதான் இருக்கிறது, கல்லைக் கீழே போடுங்கள்

விலங்கியல் பூங்காவுக்கு வருபவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. "இது நிஜமா, பொம்மையா?" என்ற கேள்விதான் அதிகம் வருகிறது, அதுவும் முதலைக் குளத்தருகே. நான் பதில் சொல்வதற்குள் யாராவது ஒரு கல்லையோ காலி பாட்டிலையோ எறிந்து சோதித்துவிடுவார்கள். முதலைக்கு உடம்புச் சூடு வெயிலிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அதனால் கரையேறி அசையாமல் கிடக்கும், சூடு கூடினால் வாயைப் பிளந்து தணித்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். இதை அங்கேயே நின்று சொன்னால் ஓங்கிய கை பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. "கல் எறியாதீர்" என்ற பலகை ஆண்டுக்கணக்காக அங்கேதான் இருக்கிறது, அது காரணம் எதையும் சொல்வதில்லை, யாரும் அதைப் படிப்பதுமில்லை.

வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. காசு கொடுத்து வந்தோம், ஏதாவது நடக்கட்டுமே என்கிற எதிர்பார்ப்பு, அவ்வளவுதான். ஆனால் புலி நாளின் பெரும்பகுதி படுத்தேதான் இருக்கும், காட்டிலும் அப்படித்தான்.

குரங்குக் கூண்டில் கதை வேறு. நாட்டுக் குரங்கு உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் "சிரிக்குது பாரு" என்று பிள்ளைகளும் பல்லைக் காட்டுகிறார்கள். அது சிரிப்பில்லை, "என்னை விட்டுடு" என்கிற பயம். கரடியோ யானையோ ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் அது டான்ஸும் இல்லை. அடைபட்ட வாழ்க்கையின் சலிப்பில், மன அழுத்தத்தில் வந்த பழக்கம், நல்ல இடத்துக்கு மாற்றிய பிறகும் சில விலங்குகளுக்கு அது போகாது. பூங்காக்காரர்கள் இதைப் பேசத் தயங்குவார்கள். மறைக்காமல் சொல்லிவிடுவதே மேல் என்பது என் கட்சி.

வண்டலூரில் வெள்ளைப் புலி முன்னால் எப்போதும் கூட்டம். அது தனி இனம் இல்லை, நிறக்குறைபாடு. கூண்டுகளில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை 1951-இல் மத்திய இந்தியாவின் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழி வந்தவை. மோகனை அதன் மகளோடேயே சேர்த்துத்தான் அந்த வெள்ளை நிறத்தைத் தொடர வைத்தார்கள், மாறுகண் போன்ற குறைகளும் கூடவே வந்தன. அதே பூங்காவில் சிங்கவால் குரங்கும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் அது காட்டில் வாழ்வதில்லை. அதன் கூண்டு முன்னால் யாரும் நிற்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

அப்புறம் தீனி. உப்பு வாசனைக்காகச் சிப்ஸ் கவரையே மான் விழுங்கும், பிளாஸ்டிக் வயிற்றிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் பிரேதப் பரிசோதனையில்தான் வெளியே வரும். பூங்கா விலங்குகளைச் சீண்டுவது, தீனி போடுவது, கூச்சலிட்டுத் தொந்தரவு செய்வது எல்லாமே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, என்ன செய்யலாம்? கதவு திறக்கும்போதே போய்விடுங்கள், வெயில் ஏறினால் எல்லாம் நிழலுக்குள் போய்விடும். வண்டலூர் சுமார் 600 ஹெக்டேர், அத்தனையையும் ஒரே நாளில் பார்க்க ஓடாதீர்கள். நாலைந்து விலங்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடமாவது வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். பராமரிப்பாளர் கண்ணில் பட்டால் "அண்ணே, இது என்ன சாப்பிடும்?" என்று கேளுங்கள், எங்களை விட அவருக்கு அதிகம் தெரியும். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், வண்டலூருக்கு அன்று விடுமுறை.