மணாலியில் நிற்காத வண்டி மணலியில் நின்றது ஏன்?

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மணாலி, லே, ஸ்பிட்டி என்று சுற்றி வந்த அட்வெஞ்சர் பைக். மலையில் ஒரு குறையும் வைக்கவில்லையாம். ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து நம்ம மணலி சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பொட்டென்று நின்றுவிட்டது. பேட்டரி டவுன். புது பேட்டரி போட்டார். நாலே மாதத்தில் அதுவும் படுத்துவிட்டது. "எக்ஸ்ட்ரா லைட்டு போட்டிருக்கீங்க சார், அதுதான் கரன்ட்டை இழுக்குது" என்றார் மெக்கானிக். கூடுதல் விளக்குகளைக் கழற்றினார், ஹெட்லைட்டையும் எல்.இ.டி.க்கு மாற்றினார். அடுத்த மாதமே ரெகுலேட்டர் எரிந்தது. "சுமையைக் குறைத்த பிறகுதானே அண்ணா எரிந்திருக்கிறது, இது என்ன கணக்கு?" என்று கேட்கிறார்.

கணக்கு அழகான கணக்குதான். அதற்குள் போகுமுன், இந்த வகை வண்டிகளில் வழக்கமாக வரும் மற்ற பழுதுகளை வேகமாகத் தாண்டிவிடுவோம். 1980இல் பி.எம்.டபிள்யூ. ஆர்80 ஜி/எஸ் வந்த நாளிலிருந்து, இங்கே 2016இல் வந்த ஹிமாலயன், 2019இன் எக்ஸ்பல்ஸ், 2020இன் 390 அட்வெஞ்சர் வரை எல்லாவற்றுக்கும் உடல்வாகு ஒன்றுதான்: நீளமான ஃபோர்க், பெரிய முன்சக்கரம், நிறையச் சுமை, மோசமான ரோடு. அதனால் ஃபோர்க் ஆயில் சீல் கசியும். ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டில் குண்டுகள் பள்ளம் போட்டு, ஹேண்டில் நேராக இருக்கும் இடத்தில் 'கடிக்கும்'. ஸ்போக் தளரும். பின் ஷாக்கின் லிங்கேஜ் பேரிங்குக்குள் சேறு போய் கிரீஸ் செத்துவிடும். எஞ்சினுக்குள்ளேயே பெயர்பெற்ற பலவீனங்களும் உண்டு. கவாஸாகி கே.எல்.ஆர்.650இல் அதிர்வை அடக்கும் பேலன்ஸரின் செயினை இறுக்கிப் பிடிக்கும் ஒரு சின்ன லீவரும் ஸ்பிரிங்கும் உடைவது உலகப் பிரசித்தம். வாங்கிய கையோடு அதைக் கழற்றி உறுதியானதை மாட்டுவது பலருக்குச் சடங்கே ஆகிவிட்டது.

இவற்றில் பெரும்பாலானவை கசிந்து, ஆடி, முனகி, முன்கூட்டியே சொல்லிவிட்டு வருபவை. சொல்லாமல் கொள்ளாமல் நடுரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் மின்சாரம். அதிலும் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர், அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இரண்டின் வயர்களையும் நடுவில் இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் என்ற மூவர் கூட்டணி.

ஃபாரடே விதி பள்ளியில் படித்ததுதான்: சுருளருகே காந்தம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரம், அதற்குள் அசையாமல் நிற்கும் செம்புச் சுருள்கள். இந்தச் சுருள்கள்தான் ஸ்டேட்டர்; மெக்கானிக்குகள் 'மேக்னெட் காயில்' என்பார்கள். சுருள்கள் மூன்று கூட்டம், அதாவது மூன்று ஃபேஸ், மூன்று வயர். பல ஜப்பானிய வண்டிகளில் மூன்றும் மஞ்சள். காந்தம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு வோல்டேஜ். ஐடிலில் 20 வோல்ட் அளவுக்கு வருவது, 5000 ஆர்.பி.எம்.மில் 60ஐத் தாண்டலாம். பேட்டரிக்கு வேண்டியதோ 14.4 வோல்ட் போல. கூடினால் கொதிக்கும், குறைந்தால் பட்டினி.

காரில் இது எளிது. ஆல்டர்னேட்டருக்குள் சுழல்வது மின்காந்தம். அதற்குக் கொடுக்கும் கரன்ட்டைக் குறைத்தால் உற்பத்தியும் குறைந்துவிடும். பைக்கில் இருப்பது நிரந்தரக் காந்தம். அதைத் திருகிக் குறைக்க ஒரு குமிழும் இல்லை. எஞ்சின் சுற்றும்வரை அது தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே பொறியாளர்கள் கொஞ்சம் முரட்டுத்தனமான வழியைப் பிடித்தார்கள். வோல்டேஜ் 14.4ஐத் தொட்டதும் ரெகுலேட்டருக்குள் இருக்கும் தைரிஸ்டர் என்ற மின்னணு ஸ்விட்சுகள் ஆன் ஆகி, ஸ்டேட்டரின் மூன்று வயரையும் எர்த்தோடு சேர்த்துவிடும். சுத்தமான ஷார்ட் சர்க்யூட். வோல்டேஜ் இறங்கியதும் விட்டுவிடும். ஏறினால் மறுபடி ஷார்ட். ரோட்டில் போகும்போது ஒவ்வொரு நொடியும் இது பல நூறு தடவை நடக்கிறது.

வீட்டில் ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போகிறது. இங்கே ஏன் எதுவும் வெடிப்பதில்லை?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. சுருளில் தூண்டப்படும் வோல்டேஜ், சுழற்சி வேகத்துக்கு நேர் விகிதம். சுருளில் மின்னோட்டத்தைத் தடுப்பது செம்பின் மின்தடை மட்டுமில்லை. இரும்பின்மேல் சுற்றிய எந்தச் சுருளுக்கும் தன்மின்தூண்டல் உண்டு, அது மாறுதிசை மின்னோட்டத்தை எதிர்க்கும். அதிர்வெண் ஏற ஏற எதிர்ப்பும் ஏறும். இங்கே அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது எது? அதே சுழற்சி வேகம். ஓம் விதியை எழுதிப் பாருங்கள்: மேலே வோல்டேஜ், அதில் வேகம் இருக்கிறது. கீழே எதிர்ப்பு, அதிலும் வேகம் இருக்கிறது. மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது! மிஞ்சுவது காந்தத்தின் வலிமையும் சுருளின் அமைப்பும்தான். அதாவது ஓரளவு வேகத்துக்குமேல், 4000 ஆர்.பி.எம். ஆனாலும் 8000 ஆனாலும் ஷார்ட் கரன்ட் கிட்டத்தட்ட மாறாது. எத்தனை சுற்று, எவ்வளவு இரும்பு என்று வடிவமைப்பாளர் முடிவு செய்த அன்றே 'இத்தனை ஆம்பியருக்கு மேல் உன்னால் தரவே முடியாது' என்று சுருளின் தலையில் எழுதிவிட்டார். தனிக் காவல்காரன் யாரும் வேண்டியதில்லை. சுருளே தன்னைக் கட்டிக்கொள்கிறது.

இப்போது வாசகரின் கணக்குக்கு வருவோம். சுருளில் ஓடும் கரன்ட் ஏறக்குறைய மாறாதது என்றால், அது விளக்குக்குப் போனால் என்ன, ஷார்ட்டில் திரும்பி வந்தால் என்ன, சுருளுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு ஃபேஸில் 15 ஆம்பியர், சுருளின் மின்தடை 0.15 ஓம் என்று வையுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் ஒரு ஃபேஸுக்கு 34 வாட் போல. மூன்றுக்கும் சேர்த்து 100 வாட் சூடு. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அந்த 100 வாட் அங்கேயே இருக்கிறது. ரெகுலேட்டரிலும் சூடு குறைந்துவிடவில்லை. முன்பு ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோடுகள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது இப்போது தைரிஸ்டர் வழியாகப் போகிறது. தைரிஸ்டரில் இழப்பு சற்றுக் கூடுதல்கூட. 'லைட்டை அணைத்தால் ரெகுலேட்டருக்கு ஓய்வு' என்று நினைப்பது இயல்புதான், ஆனால் இந்த வகை ரெகுலேட்டருக்கு அந்த நினைப்பு பொருந்தாது.

அப்படியானால் பேட்டரி ஏன் செத்தது? உற்பத்திக்குத்தான் பஞ்சமே இல்லையே. அவர் அனுப்பிய படத்தில் விடை இருக்கிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கப்ளர் தேன் நிறத்துக்குப் போய், ஒரு மூலையில் கறுத்து, உருகி வழிந்து உறைந்திருக்கிறது. அதற்குள் வந்து சேரும் வயரின் உறையை ஒரு சாண் நீளத்துக்குச் சீவியிருக்கிறார். உள்ளே செம்பு இழைகள் கறுத்து, நுனியில் பச்சை பூத்திருக்கின்றன.

இரண்டு உலோகத் தகடுகள் கப்ளருக்குள் அழுத்திக்கொண்டு இருந்தாலும், உண்மையில் தொடுவது நுண்ணிய மேடுகளின் முனைகளில் மட்டும்தான். வண்டி அதிரும்போது அந்த முனைகள் ஒன்றோடொன்று உரசி, மேல்பூச்சான வெள்ளீயம் தேய்ந்து, பொடி ஆக்சைடாகி நடுவிலேயே தங்கும். 0.1 ஓம் என்பது சாதாரண மீட்டரில் கண்ணுக்கே படாத மின்தடை. ஆனால் 15 ஆம்பியர் அதன் வழியே போனால் 22.5 வாட். சால்டரிங் அயர்னில் சின்னது 25 வாட். அதைத் தூக்கிக் கப்ளருக்குள் செருகி, சாவியைத் திருப்பும்போதெல்லாம் ஆன் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். சூடானால் தகட்டின் பிடிப்பு தளரும், தளர்ந்தால் மின்தடை கூடும், கூடினால் இன்னும் சூடு.

ரெகுலேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள கப்ளரில் இதே 0.1 ஓம் வந்தால் வேறு கூத்து. பல ரெகுலேட்டர்கள் தன் வாசலில் இருக்கும் வோல்டேஜை மட்டுமே பார்க்கும். 10 ஆம்பியர் போகும்போது நடுவழியில் 1 வோல்ட் தொலைந்தால், ரெகுலேட்டர் '14.4 ஆயிற்று, போதும்' என்று ஷார்ட் போட ஆரம்பித்துவிடும். பேட்டரிக்கு வந்து சேர்வது 13.4. பேட்டரி அரை வயிற்றோடு கிடக்க, ஸ்டேட்டர் முழு மூச்சாக வெந்துகொண்டிருக்கும். மெக்கானிக் மாற்றிய பேட்டரிமேல் எந்தக் குற்றமும் இல்லை.

மலையில் நடக்காதது இங்கே ஏன் நடந்தது என்பதற்குக் கடற்கரையைப் பார்க்க வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். அலை அவற்றில் மோதி நுரைக்க, ஒவ்வொரு குமிழி உடையும்போதும் உப்புத் துளிகள் காற்றில் எகிறும். கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரில் அவை மிகுதி. பிறகு மளமளவென்று குறையும். வாசகரின் வீடு அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. மழை பெய்யாவிட்டால் உப்பு காய்ந்துதானே கிடக்கும் என்று கேட்கலாம். சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம். ஆக, கப்ளருக்குள் ஒரு தடவை புகுந்த உப்பு காய்வதே இல்லை. தூசியோடு திரும்பிய வண்டியைப் பிரஷர் வாஷில் அடித்திருந்தால் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். பிறகு செம்பு இழைகளின் இடுக்கு வழியே திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல் ஏறியிருக்கும். லேயின் வறண்ட காற்றில் இந்த வேலை எதுவும் நடப்பதில்லை.

இங்கே என் மனக்குறை ஒன்று. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. உலோகங்களை ஊர் ஊராக வெயிலிலும் கடற்காற்றிலும் வைத்து, எங்கே எவ்வளவு அரிக்கிறது என்று இந்தியாவுக்கே வரைபடம் போட்டவர்கள் அவர்கள். மண்டபம் கடற்கரையில் பல்லாண்டுகளாக இந்த வேலை நடக்கிறது. பளபளப்பில்லாத, பொறுமையான ஆராய்ச்சி. தலைப்புச் செய்தியில் வராது, நிதியும் அப்படித்தான் வரும். பாலக் கம்பிக்கும் கப்பலுக்கும் செய்வதைக் காசிமேட்டில் மீன் கூடை ஏற்றும் டூவீலரின் வயருக்கும் செய்ய யாராவது பணம் கொடுத்தால் எத்தனை பேர் பிழைப்பு மிச்சமாகும்! நாமோ வண்டி நின்றால் கண் பட்டுவிட்டது என்று ஹேண்டிலில் கறுப்புக் கயிறு கட்டுகிறோம். கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்கிற செலவோடு ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான்.

டிராஃபிக்குக்கும் பங்கு உண்டு. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசைக்குப் பின்னால் ஐடிலில் நிற்கும்போது உற்பத்தி குறைவு, ரேடியேட்டர் ஃபேன் ஓடுவதால் செலவு அதிகம். ஏற்கெனவே அரைப் பட்டினியில் இருக்கும் பேட்டரி அங்கேதான் கைவிடும். ரெகுலேட்டரின் துடுப்புகளில் காற்றும் படாது. ஸ்டேட்டர் சுருளின் காப்புப் பூச்சுக்கு ஒரு பழைய விதி: வெப்பநிலை சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். பல எஞ்சின்களில் ஸ்டேட்டரைக் குளிர்விப்பது தெறிக்கும் எஞ்சின் ஆயில்தான்; லெவல் குறைந்தால் முதலில் வேகுவது அது.

சோதிப்பது கால்மணி நேர வேலை. எஞ்சினை 4000–5000 ஆர்.பி.எம்.மில் பிடித்து, பேட்டரியின் இரு முனையில் வோல்ட் பாருங்கள்: 14க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் சரி. குறைந்தால், ரெகுலேட்டரின் பாசிட்டிவ் வயரில் ஒரு முனை, பேட்டரி பாசிட்டிவில் மறுமுனை வைத்துப் பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அந்தப் பாதையில் இருக்கிறான். எர்த் பக்கமும் அப்படியே. பிறகு ஸ்டேட்டர் கப்ளரைக் கழற்றி, மூன்று வயரையும் ஜோடி ஜோடியாக ஏ.சி. வோல்ட்டில் அளந்தால் மூன்றும் ஒன்றுபோல் வர வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு எந்த வயரையும் பாடியோடு சேர்த்து ஓம் பார்த்தால் தொடர்பே இருக்கக் கூடாது; இருந்தால் சுருள் எரிந்துவிட்டது, ரீவைண்டிங்தான்.

உருகிய கப்ளரைச் சுத்தம் செய்து மறுபடி போடாதீர்கள். செம்பு பளபளவென்று தெரியும்வரை வயரை வெட்டி, நீர் புகாத புதுக் கப்ளர் போட்டு, சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். ரெகுலேட்டர் எப்படியும் புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்பதால், சீரீஸ் வகையைப் பாருங்கள். அது ஷார்ட் போடாது. தேவை முடிந்ததும் சுருளின் இணைப்பைத் திறந்துவிடும். திறந்த சுருளில் வோல்டேஜ் மட்டும் எகிறும், கரன்ட் ஓடாது, சூடும் இல்லை. ஜப்பானின் ஷிண்டென்கென் நிறுவனத்து எஸ்.எச்.775, எஸ்.எச்.847 இரண்டும் அந்த வகை. எஃப்.எச்.020 என்று இன்னொன்றையும் காட்டுவார்கள். தைரிஸ்டருக்குப் பதில் இழப்பு குறைந்த மாஸ்ஃபெட் ஸ்விட்சுகள் என்பதால் ரெகுலேட்டர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அதுவும் ஷார்ட் போடுகிற இனமே, ஸ்டேட்டருக்கு விடுதலை கிடையாது. வாங்கும்போது போலி நிறைய வரும், பார்த்து வாங்குங்கள். சீரீஸ் போட்ட பிறகு கழற்றி வைத்த விளக்குகளைத் தாராளமாக மாட்டிக்கொள்ளலாம். இப்போதுதான் அவற்றை அணைத்தால் ஸ்டேட்டருக்கு நிஜமாகவே ஓய்வு.