அந்த ஊசியின் பெயர் என்ன?

நான் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் பையில் எது இருக்கிறதோ இல்லையோ, டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துக் குப்பி இருக்கும். மடிநோய் வந்து காய்ச்சலில் கிடக்கும் மாடு, கால் வீங்கி நொண்டும் காளை, எதுவானாலும் அந்த ஊசிதான். காலையில் போட்டால் சாயங்காலம் மாடு தீவனத்தில் வாய் வைத்துவிடும். எனக்குக் கைராசிக்காரர் என்று பேர் வாங்கிக் கொடுத்ததே அந்த மருந்துதான். 2004-க்கு முந்தைய கதை இது.

எல்லா மாடும் பிழைப்பதில்லை. செத்ததைத் தோலை உரித்துவிட்டு ஊருக்கு வெளியே போடுவார்கள். மிச்ச வேலையைப் பாறு கழுகுகள் பார்த்துக்கொள்ளும். (பிணந்தின்னிக் கழுகு என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. சங்கப் பாடல்களிலேயே பாறு என்ற பெயர் இருக்கிறது.)

மாட்டுக்கு நல்லது செய்த அந்த மருந்து பாறுக்கு விஷம். ஊசி போட்ட இரண்டொரு நாளில் மாடு செத்தால், ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற பறவையின் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் செயலிழந்துவிடும். அமிலம் இரத்தத்தில் ஏறி, உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகப் படியும். கழுத்தைத் தொங்கப் போட்டபடி கிளையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சில நாளில் கீழே விழும். அழுகின கறியைச் செரிக்கும் வயிறு, ஆனால் ஒரு வலி ஊசியைத் தாங்கவில்லை.

பாகிஸ்தானில் செத்து விழுந்த பாறுகளை அறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2004-ல்தான் காரணத்தைச் சொன்னார்கள். இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயின. இவ்வளவு வேகமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு மாட்டைத் தின்ன ஒரு பாறு வருவதில்லை, கூட்டமே இறங்கும். அதனால் நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும். இழப்பை ஈடுகட்டவும் வழியில்லை. ஆண்டுக்கு ஒரே முட்டை, அந்தக் குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வர ஏறக்குறைய ஐந்து ஆண்டு.

சரி, பாறுகளைக் காப்பாற்ற நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு வருகிறேன். நானும் பலவற்றில் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு ஊர்வலம் போவார்கள், மேடையில் ‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்ற சொல் பத்துத் தடவை வரும், சாக்லேட் கொடுத்து முடிப்போம். தப்பில்லை. ஆனால் அந்த ஊர்வலத்தில் போன யாரும் மாட்டுக்கு ஊசி போடுகிறவர்கள் இல்லை. ஊசி போடுகிறவரும், மருந்து விற்கிறவரும், மாட்டுக்காரரும் அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்தார்கள். பல வருஷம் நான் தப்பான ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாட்டுக்காரர்களிடம் போனபோது முதல் கேள்வியே வேறு மாதிரி வந்தது. “ஏனுங் சார், கழுகுக்காக எங்க மாடு வலியில கெடக்கோணுமா?” நியாயமான கேள்வி. வேண்டியதில்லை. மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று 2006-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். டால்ஃபனாமிக் அமிலமும் அப்படித்தான். மாட்டுக்கும் வலி போகும், பறவைக்கும் கேடில்லை. இந்த ஒரு பதிலுக்கு இருக்கிற மதிப்பு எந்தப் பதாகைக்கும் இல்லை என்பது என் அனுபவம்.

பாறு எதற்கு என்று மட்டும் நான் பாடம் நடத்துவதே இல்லை. வயதானவர்களைக் கேட்டால் போதும். “தோலை உரிச்சுப் போட்டுட்டு வூட்டுக்கு வர்றதுக்குள்ள எலும்புதான் மிச்சமிருக்கும்” என்பார்கள். இப்போது அதே இடத்தில் நாற்றமும் தெருநாயும். பாறுகள் போனதால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்று 2024-ல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று மதிப்பிட்டிருக்கிறது. நாய்க்கடியும் கெட்ட தண்ணீரும் அதில் அடக்கம்.

சட்டம் இல்லாமலில்லை. கால்நடைக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று 2006-ல் தடை வந்தது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்கு வந்தன. 2015-ல் அதையும் 3 மில்லி என்று சுருக்கினார்கள். அந்தச் சின்னக் குப்பியில் இருப்பது 75 மில்லிகிராம். 400 கிலோ மாட்டுக்கு ஐந்தாறு உடைக்க வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டும் அதையே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், பழக்கம் அப்படி. 2023-ல் அதே மாதிரி வலி மருந்துகளான அசிக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபனும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. அப்புறம் புலி அடித்த மாட்டில் ஆத்திரத்தில் விஷம் தடவுவதும், அதைத் தின்று பாறுகள் சாவதும் தனிக்கதை. அதற்கு மருந்துக் கடையில் தீர்வில்லை.

தமிழ்நாட்டில் இன்னமும் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுவது நீலகிரிப் பக்கத்து மாயாற்றுக் கரை நீர்மருது மரங்களில். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் போன மழைக்காலத்தில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வேறு ஆள் அவருடைய பசுவுக்கு ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வீசிய குப்பியை இவர் பொறுக்கித் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

“இது அந்த மருந்துதானுங்களா?”

வாங்கிப் பார்த்தேன். அசிக்ளோஃபினாக். மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறும். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “மாடு ஏதாச்சு ஆயிட்டா?” என்றார். ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள், வெளியே போட வேண்டாம் என்றேன். பசு பிழைத்துக்கொண்டது. குப்பி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.